பாட்டு இல்லாத ஞாயிறுகள்: கார் நிகோபார் மீண்டும் கூடிய கதை

புதுதில்லி: மத்திய சுகாதார அமைச்சகம் 2020-ம் ஆண்டு ஜூன் 4-ம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இருந்த ஒரு வரியைப் பலரும் படித்துவிட்டுக் கடந்து போயிருக்கக்கூடும். வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம். ஆனால், பாடகர் குழுக்கள் பாட அனுமதி இல்லை, பதிவு செய்யப்பட்ட பக்திப் பாடல்களை வேண்டுமானால் ஒலிக்கச் செய்யலாம் என்பதே அந்த வரி.

தில்லியிலிருந்து ஏறத்தாழ 2,700 கி.மீ. தொலைவில், வங்கக் கடலும் அந்தமான் கடலும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் கார் நிகோபார் தீவில் அந்த வரிக்குப் பொருள் வேறு. அங்கு வழிபாட்டின் பெரும் பகுதி பாட்டுதான். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தேவாலயம், ஒவ்வொரு தேவாலயத்துக்கும் ஒரு பாடகர் குழு என்று வாழும் மக்கள் அவர்கள். நான்கு குரல்களாகப் பிரிந்து பாடும் முறையைச் சிறு வயதிலேயே கற்றுக்கொள்பவர்கள். கதவைத் திறக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிலையில் அந்த மக்கள் மீண்டும் தேவாலயத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

போரையும் ஆழிப் பேரலையையும் ஒன்றுகூடியே கடந்த ஒரு சமூகம், முதல் முறையாக ஒன்றுகூடாமல் இருந்து உயிர் பிழைக்க வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளானது. கரோனா காலத்தில் நாடெங்கும் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன, பின்னர் திறக்கப்பட்டன. ஆனால், இத்தீவில் அந்த மூடலும் திறப்பும் விட்டுச் சென்ற தடம் தனித்தன்மை வாய்ந்தது.

தீவும் மக்களும்: அந்தமான் - நிகோபார் ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 2011-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி 3,80,581. இவர்களில் கிறிஸ்தவர்கள் சுமார் 21 சதவீதம். தெற்கே உள்ள நிகோபார் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 36,842 தான். அதில் ஏறக்குறைய பாதிப் பேர், அதாவது 17,841 பேர், கார் நிகோபாரில் வாழ்கின்றனர். தீவின் பரப்பு சுமார் 127 சதுர கி.மீ. மட்டுமே. பழங்குடியினரான நிகோபார் மக்களில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட வட இந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள்.

2024-ம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து இத்தீவுக்குக் கப்பலில் ஓர் இரவுப் பயணம். வெளியார் நினைத்தவுடன் கப்பல் ஏறிச் சென்றுவிட முடியாது. 1956-ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிய அனுமதி பெற வேண்டும்.

மூஸ், மலாக்கா, பெர்கா, தமாலு, கின்யுகா, அராங், சவாய் என ஒவ்வொரு கிராமத்துக்கும் தலைவர் உண்டு. 'கேப்டன்' என்பது அவரது பதவிப் பெயர். கப்பல் வணிகக் காலத்தில் வந்த சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. கிராமத் தலைவர்களுக்கு மேலே பழங்குடியினர் மன்றம். குடும்பம் என்பதும் தாய், தந்தை, பிள்ளைகளோடு முடிந்துவிடுவதில்லை. 'துஹெட்' எனப்படும் பெருங்கூட்டுக் குடும்பமே தென்னந்தோப்பையும் நிலத்தையும் பன்றிகளையும் பொதுவில் வைத்திருக்கிறது. திருமணம், விருந்து, சாவு எதுவாயினும் துஹெட் முழுவதும் கூடும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்பது அந்தக் கூடுதலின் வாராந்தர வடிவம்.

தமிழர் தொடங்கிய பணி: நிகோபாருக்குக் கிறிஸ்தவம் வந்த வழியில் நோயின் நிழல் தொடக்கத்திலேயே விழுந்திருக்கிறது. டென்மார்க் நாட்டின் ஆதரவுடன் 1768-ல் நன்கவுரி தீவில் குடியேறிய மொரேவிய ஊழியர்களில் பலர் காய்ச்சலுக்குப் பலியாயினர். இருபது ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 1787-ல் அந்தப் பணி கைவிடப்பட்டது.

அடுத்து நிலைத்து நின்ற முயற்சி ஒரு தமிழருடையது. வேதப்பன் சாலமன் என்ற அவர், 19-ம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிகோபாரின் மூஸ் கிராமத்தில் தங்கி, ஆங்கிலேய அரசின் முகவராகவும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் உபதேசியாராகவும் பணியாற்றினார். ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் நிகோபார் சிறுவர்களைச் சேர்த்து எழுத்தறிவித்தார். அவர்களில் ஒரு சிறுவனைப் பர்மாவின் மாண்டலே நகருக்கு மேல்படிப்புக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். 1909-ல் சாலமன் காலமானார்.

அந்தச் சிறுவனே பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவிலிருந்து திரும்பி மூஸ் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த ரிச்சர்ட்சன், தம் மக்களின் மொழியை ரோமன் எழுத்துகளில் எழுதிப் பயிற்றுவித்தார். விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். ஞானப்பாடல்களை நிகோபார் மொழிக்குக் கொண்டுவந்தார். இன்று தீவில் ஒலிக்கும் பாடல் மரபின் வேர் அங்குதான் இருக்கிறது. அச்சு நூல்கள் அரிதாக இருந்த ஒரு மொழிக்குப் பாட்டுப் புத்தகமே பாடநூலாகவும் அமைந்தது. ஆகவே, தேவாலயத்தில் பாடுவது அம்மக்களுக்குப் பக்தி மட்டுமல்ல, மொழியைக் காக்கும் வழியும்கூட.

1950-ல் ரிச்சர்ட்சன் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1952-ல் அமைந்த முதலாவது மக்களவையில் அந்தமான் - நிகோபார் தீவுகளின் நியமன உறுப்பினராகத் தில்லிக்கு வந்தார். தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் அவரே. 1965-ல் பத்மஸ்ரீ, 1975-ல் பத்மபூஷண் விருதுகள் அவருக்கு வழங்கப்பட்டன. 1978-ல் அவர் மறைந்தார். கார் நிகோபாரில் உள்ள மாவட்ட மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேவாலயத்தைக் கட்டியெழுப்பியவரின் பெயர் கொண்ட மருத்துவமனைதான், தேவாலயங்கள் மூடிக் கிடந்த நாள்களில் தீவின் சுகாதாரப் பணிகளுக்கு மையமாக இருந்தது.

போரும் அலையும்: கூட்டு வழிபாடு இம்மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை உணர, இதற்கு முன் நேர்ந்த இரு பேரழிவுகளை நினைவுகூர வேண்டும்.

முதலாவது, இரண்டாம் உலகப் போர். 1942 முதல் 1945 வரை தீவுகள் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்தன. ஒற்றர்கள் என்ற சந்தேகத்தின்பேரில் நிகோபார் மக்கள் பலர் சித்திரவதை செய்யப்பட்டனர்; பலர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் சிறைபிடிக்கப்பட்டார். அவருடைய மகன் கொல்லப்பட்டார். போர் முடிந்ததால் ரிச்சர்ட்சன் உயிர் தப்பினார். போருக்கு முன் தீவில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினராகவே இருந்தனர். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் கிராமம் கிராமமாக மக்கள் திருச்சபையில் சேர்ந்தனர். துன்பத்தில் உடனிருந்தவரை நம்பி மக்கள் கூடினர் என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே கடலுக்கடியில் நிலம் பிளந்தது. சிறிது நேரத்தில் பேரலைகள் கார் நிகோபாரைத் தாக்கின. கிழக்குக் கரையில் மலாக்கா கிராமம் அடையாளம் தெரியாமல் அழிந்தது. அருகிலிருந்த விமானப் படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒன்றியப் பிரதேசம் முழுவதிலும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 3,500 பேர்வரை பறிபோயினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிகோபார் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

கிராமங்களின் பொது மைதானமான 'எல்பனம்' கடற்கரையை ஒட்டியே இருந்தது. வீடுகளும் தேவாலயங்களும் அதைச் சுற்றியே இருந்தன. எனவே, அலை ஒரே நேரத்தில் வீட்டையும் வழிபாட்டிடத்தையும் கொண்டு சென்றது. எஞ்சியோர் தீவின் உட்பகுதியில் மேட்டு நிலத்துக்குப் போனார்கள். தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தபோதே கூட்டு ஜெபம் தொடங்கிவிட்டது. இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லவும், பெற்றோரை இழந்த குழந்தைகளை எந்தத் துஹெட் ஏற்றுக்கொள்வது என்று முடிவெடுக்கவும், நிவாரணப் பொருள்களைப் பகிரவும் மக்கள் கூடியே ஆக வேண்டியிருந்தது. பின்னர் உள்நிலத்தில் புதிய கிராமங்கள் அமைந்தபோது, அங்கே தேவாலயங்களும் எழுந்தன.

இரு பேரழிவுகளிலும் மருந்தாக இருந்தது ஒன்றுகூடலே. 2020-ல் வந்த பேரழிவு அந்த மருந்தையே நஞ்சாக்கியது.

கூடுவதே ஆபத்து: 2020-ம் ஆண்டு மார்ச் 22-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் 'மக்கள் ஊரடங்கு' கடைப்பிடிக்கப்பட்டது. மார்ச் 24-ம் தேதி வெளியான உத்தரவின்படி மறுநாள் முதல் பொது முடக்கம் அமலுக்கு வந்தது. அனைத்து வழிபாட்டுத் தலங்களும் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. மதக் கூட்டங்களுக்கு விதிவிலக்கின்றித் தடை விதிக்கப்பட்டது. கிறிஸ்தவர்களின் தவக்காலத்தின் நடுவே இது நிகழ்ந்தது. ஏப்ரல் 5-ம் தேதி வந்த குருத்தோலை ஞாயிறு, ஏப்ரல் 10-ம் தேதி புனித வெள்ளி, ஏப்ரல் 12-ம் தேதி ஈஸ்டர் ஆகிய மூன்றும் மூடிய கதவுகளுக்கு வெளியே கழிந்தன.

அந்தமான் - நிகோபாரில் முதல் நோயாளி மார்ச் மாத இறுதியில் கண்டறியப்பட்டார். அதன்பின் சிலருக்குத் தொற்று உறுதியானது, அவர்கள் குணமடைந்தனர். ஆனால், ஆண்டின் நடுப்பகுதியில் தொற்று மீண்டும் தலைதூக்கியது. ஆகஸ்ட் மாதத்தில் அந்தமானிய மூத்த குடிகளான கிரேட் அந்தமானியரிடமும் நோய் பரவியது. சுமார் 50 பேர் மட்டுமே எஞ்சியுள்ள அந்த இனத்தில் 10 பேருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தபோது தில்லி வரை கவலை பரவியது. நல்வேளையாக அவர்கள் குணமடைந்தனர்.

இந்தக் கவலைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1877-ல் பரவிய தட்டம்மை, ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியரை வெகுவாக அழித்தது. 1999-ல் ஜாரவா பழங்குடியினரிடம் மீண்டும் தட்டம்மை பரவியது. வெளியிலிருந்து கப்பலேறி வரும் ஒரு நோய், தீவில் ஓர் இனத்தின் இருப்பையே கேள்விக்குள்ளாக்கக்கூடும் என்பது அந்தமானில் ஏட்டுச் செய்தி அல்ல. நடந்து முடிந்த உண்மை. நிகோபார் மக்கள் எண்ணிக்கையில் சுமார் 27 ஆயிரம் பேர். மற்றவர்களோடு ஒப்பிட்டால் பெரிய சமூகம்தான். ஆனால், ஒரே கூரையின்கீழ் பெருங்குடும்பமாக வாழ்வோர், ஒரே மாவட்ட மருத்துவமனையை நம்பியிருப்போர், கடும் நோய்க்கு போர்ட் பிளேருக்கே செல்ல வேண்டியவர்கள் என்ற முறையில் அவர்களுக்கும் ஆபத்து குறைவானதல்ல.

ஆகவே, தேவாலயத்தை மூடுவது என்பது நம்பிக்கைக்கும் அரசுக்கும் இடையிலான மோதலாக அங்கு எழவில்லை. ஒரு சமூகத்தைச் சமூகமாக வைத்திருக்கும் பழக்கத்தை, அந்தச் சமூகத்தின் உயிருக்காகவே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. இழப்பின் கனம் அதில்தான் இருந்தது.

ஏன் பாட்டுக்குத் தடை?: பாட்டுக்குத் தடை விதித்தது அதிகாரிகளின் மனம்போன போக்கு அல்ல. அதற்கு அறிவியல் அடிப்படை இருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஸ்காகிட் பகுதியைச் சேர்ந்த பாடகர் குழு ஒன்று 2020-ம் ஆண்டு மார்ச் 10-ம் தேதி இரண்டரை மணி நேரம் ஒத்திகை நடத்தியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு நோய் அறிகுறி இருந்தது. ஆய்வில் உறுதி செய்யப்பட்டோரும் நோய் பாதித்ததாகக் கருதப்பட்டோருமாக 53 பேர் நோயுற்றனர். இருவர் உயிரிழந்தனர்.

பேசும்போதைவிடப் பாடும்போது மூச்சு ஆழமாக இழுக்கப்பட்டு வேகமாக வெளியேறுகிறது. அதனுடன் மிக நுண்ணிய துளிகளும் அதிகமாக வெளிப்படுகின்றன. மூடிய அறையில் அவை நெடுநேரம் காற்றில் மிதக்கின்றன. தோளோடு தோள் நின்று பாடுவது நோய்க்கு ஏற்ற சூழலாகிறது. இந்தச் செய்தி மே மாதம் அறிவியல் இதழ்களில் வெளியானபின் உலகெங்கும் தேவாலயப் பாடகர் குழுக்கள் மௌனமாயின. இந்தியாவின் ஜூன் மாத நெறிமுறையிலும் அது எதிரொலித்தது.

அந்த நெறிமுறையில் மேலும் சில விதிகள் இருந்தன. ஆறடி இடைவெளி வேண்டும்; முகக் கவசம் கட்டாயம்; வாசலில் உடல் வெப்பம் பார்க்க வேண்டும்; சிலைகளையும் புனித நூல்களையும் தொடக் கூடாது; பிரசாதம் வழங்கவோ தீர்த்தம் தெளிக்கவோ கூடாது. 65 வயதைக் கடந்தோர், இணை நோய் உள்ளோர், கருவுற்ற பெண்கள், 10 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் ஆகியோர் வீட்டிலேயே இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டனர்.

கடைசி விதியை நிகோபார் வாழ்க்கையில் பொருத்திப் பார்த்தால் அதன் கடுமை புரியும். பழைய பாடல்களை ஏடு பாராமல் பாடக்கூடியவர்கள் முதியவர்கள். அவற்றைக் கேட்டுக் கேட்டே கற்பவர்கள் குழந்தைகள். இருவரையும் ஒதுக்கிவிட்டு நடக்கும் வழிபாட்டில் கொடுப்பவரும் இல்லை, பெறுபவரும் இல்லை. நோயால் மிகவும் பாதிக்கப்படக்கூடியவர்கள் முதியவர்களே என்பதால், விதி தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், சரியான விதிக்கும் விலை உண்டு.

நற்கருணையிலும் சிக்கல் எழுந்தது. ஆங்கிலிக்கன் மரபில் வந்த திருச்சபைகளில் ஒரே கிண்ணத்திலிருந்து அனைவரும் பருகுவது வழக்கம். உலகெங்கும் பல திருச்சபைகள் பொதுக் கிண்ணத்தை நிறுத்தின. கைகுலுக்கிச் சமாதானம் சொல்லும் பழக்கம் கைகூப்பும் வணக்கமாக மாறியது.

இணையம் எட்டாத வழிபாடு: இக்காலகட்டத்தில் சென்னையிலும் தில்லியிலும் கிறிஸ்தவர்கள் கைப்பேசித் திரையில் வழிபாட்டைப் பார்த்தனர். வாடிகனில் போப் பிரான்சிஸ் வெறிச்சோடிய வளாகத்தில் நின்று நடத்திய பிரார்த்தனை நேரடியாக ஒளிபரப்பானது. ஆனால், நிகோபாரில் அதற்கும் வழி இருக்கவில்லை. அப்போது தீவுகளின் தொலைத்தொடர்பு பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. ஒரு காணொலியைத் தடையின்றிப் பார்ப்பதே அரிதாக இருந்த இடத்தில் நேரலை வழிபாடு எங்ஙனம் சாத்தியம்?

சென்னையிலிருந்து கடலுக்கடியில் போடப்பட்ட கண்ணாடி இழை வடம் 2020-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ம் தேதிதான் பிரதமர் நரேந்திர மோடியால் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. நீளமும் ரூ. 1,224 கோடி மதிப்பும் கொண்ட இத்திட்டம் போர்ட் பிளேரையும் கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் உள்ளிட்ட ஏழு தீவுகளையும் சென்னையுடன் இணைத்தது. கடற்கரையை வந்தடைந்த வடம் ஒவ்வொரு வீட்டையும் எட்டுவதற்கு மேலும் காலம் தேவைப்பட்டது. முடக்கம் மிகக் கடுமையாக இருந்த மாதங்கள் அதற்குள் கழிந்துவிட்டன.

எனவே, நகரங்களில் தேவாலயம் திரைக்கு மாறியது. தீவில் அது வீட்டுக்கு மாறியது என்று சொல்லலாம். குடும்ப ஜெபமே எஞ்சியிருந்த வழி. துஹெட் என்னும் பெருங்குடும்ப அமைப்பு அங்கே இருந்ததால், நகரத்து முதியவர்கள் அனுபவித்த தனிமை அந்த அளவுக்குத் தீவில் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

படிப்படியாகத் திரும்பிய ஞாயிறு: ஜூன் 8-ம் தேதி முதல் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு வெளியே உள்ள வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. இறுதி முடிவு அந்தந்த மாநில, ஒன்றியப் பிரதேச நிர்வாகங்களிடம் விடப்பட்டது. தமிழகத்தில் ஜூலை 1 முதல் கிராமப்புறச் சிறு வழிபாட்டுத் தலங்களும், செப்டம்பர் 1 முதல் மற்றவையும் திறக்கப்பட்டன. ஆனாலும், அவ்வாண்டு வேளாங்கண்ணி பெருவிழா பக்தர்கள் கூட்டமின்றியே நடந்தது. 2021-ல் தமிழகத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களும் வழிபாட்டுத் தலங்களில் பொதுமக்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை தொழுகையும் ஞாயிறு வழிபாடும் ஒருசேரப் பாதிக்கப்பட்டன. அக்டோபர் நடுவில்தான் அத்தடை நீங்கியது.

தீவுகளிலும் திரும்புதல் ஒரே நாளில் நிகழவில்லை. 2021-ம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், சிகிச்சையில் இருந்த கடைசி நோயாளிகளும் குணமடைய, நாட்டிலேயே கரோனா நோயாளிகள் எவருமற்ற முதல் ஒன்றியப் பிரதேசமாக அந்தமான் - நிகோபார் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 4-ம் தேதி ஈஸ்டர் வந்தது. ஆனால், அந்த மாதமே நாடு முழுவதும் இரண்டாம் அலை வீசியது. தீவுகளும் தப்பவில்லை. வந்த நிம்மதி மீண்டும் பறிபோனது.

மாற்றத்தைக் கொண்டுவந்தது தடுப்பூசி. வடக்கிலிருந்து தெற்காக 800 கி.மீ. நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்குக் கப்பலிலும் படகிலும் ஹெலிகாப்டரிலும் மருந்து கொண்டு செல்லப்பட்டது. கொந்தளிக்கும் கடல், அடர்ந்த காடு, ஓயாத மழை என எல்லாத் தடைகளையும் கடந்து, 2021-ம் ஆண்டு டிசம்பரில் தகுதியுள்ள வயது வந்தோர் அனைவருக்கும் இரு தவணைத் தடுப்பூசியையும் செலுத்தி முடித்ததாகத் தீவு நிர்வாகம் அறிவித்தது. கோவிஷீல்டு தடுப்பூசியை மட்டுமே பயன்படுத்தி இந்த இலக்கை எட்டிய முதல் பகுதி அதுவே. கிறிஸ்துமஸுக்குச் சில நாள்களே இருந்த வேளையில் அந்த அறிவிப்பு வந்தது.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு பிறப்பித்திருந்த கட்டுப்பாடுகள் 2022-ம் ஆண்டு மார்ச் 31-ம் தேதியுடன் முடிவுக்கு வந்தன. அதன்பின் வந்த முதல் ஈஸ்டர் ஏப்ரல் 17-ம் தேதி. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மத்திய அரசின் பேரிடர்த் தடை எதுவும் இல்லாமல் வந்த முதல் உயிர்ப்பு ஞாயிறு அது. முதியோரும் குழந்தைகளும் ஒரே கூரையின்கீழ் அமரவும், பாடகர் குழு தோளோடு தோள் நிற்கவும் இனி விதி குறுக்கே நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டு மே 5-ம் தேதி நோயின் சர்வதேச அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது.

தலைநகரில் பல மொழிகள்: நிகோபாருக்கு வெளியே, தீவுகளின் தலைநகரிலும் இதே அனுபவம் வேறு வடிவில் இருந்தது. ஒன்றியப் பிரதேச மக்களில் சுமார் 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தமிழ், இந்தி, ஆங்கிலம் என வெவ்வேறு மொழிகளில் வழிபாடு நடக்கும் நகரம் அது. 1918 முதல் வனப் பணிகளுக்காகச் சோட்டாநாக்பூரிலிருந்து அழைத்துவரப்பட்ட பழங்குடியினரின் வழித்தோன்றல்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் பெரும் பங்கினர். 'ராஞ்சிக்காரர்கள்' என்பது தீவில் அவர்களுக்கு வழங்கும் பெயர். ஊரைவிட்டு வந்தவர்களுக்குத் தேவாலயமே ஊர் என்பதால், அது மூடப்பட்டபோது இழப்பும் இரட்டிப்பானது.

போர்ட் பிளேர் கத்தோலிக்க மறைமாவட்டம் 1984-ல் உருவானது. அதன் முதல் ஆயர் அலெக்ஸ் டயஸ் 2019-ல் ஓய்வு பெற்றபின் பதவி காலியாக இருந்தது. பெருந்தொற்றின் முதல் ஆண்டு முழுவதும் மறைமாவட்டம் ஆயர் இன்றியே இருந்தது. இரண்டாம் அலை தணியத் தொடங்கிய 2021 ஜூனில்தான் விசுவாசம் செல்வராஜ் புதிய ஆயராக நியமிக்கப்பட்டார்.

எஞ்சி நிற்கும் கேள்வி: அந்தமான் - நிகோபாரில் கரோனாவால் உயிரிழந்தோர் எண்ணிக்கை அரசுக் கணக்கின்படி 129. பெருநகரங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய எண். மருத்துவ வசதி குறைந்த தொலைதூரத் தீவுகளில் இன்னும் பெரிய இழப்பு நேர்ந்திருக்கக்கூடும். அது தவிர்க்கப்பட்டதில், கூடாமல் இருந்த ஞாயிறுகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

ஆயினும், ஒரு கேள்வி எஞ்சுகிறது. நாடு முழுமைக்கும் ஒரே நெறிமுறை தில்லியில் வகுக்கப்பட்டது. லட்சம் பேர் கூடும் பெருங்கோயிலுக்கும், ஒரு கிராமத்தார் மட்டுமே கூடும் தீவுத் தேவாலயத்துக்கும் விதி ஒன்றே. அவசரத்தில் வேறு வழி இருந்திருக்காது. ஆனால், அடுத்த முறை இத்தகைய நோய் வருமானால், கிராமத் தலைவர்களையும் பழங்குடியினர் மன்றத்தையும் முன்கூட்டியே கலந்து, அவர்கள் மொழியிலேயே விதிகளை விளக்கி, திறந்த வெளியில் இடைவெளிவிட்டு வழிபடுவது போன்ற உள்ளூர் வழிகளைப் பரிசீலிக்க இடமுண்டு. எல்பனம் என்னும் பரந்த மைதானமும், எதிலும் கூடி முடிவெடுக்கும் மரபும் உள்ள சமூகத்துக்கு இது புதிதல்ல. ஒரு காலத்தில் அத்தீவிலிருந்து ஓர் ஆயர் தில்லிக்கு வந்து நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். தீவின் குரலைக் கேட்டு விதி செய்யும் வழக்கம் தில்லிக்கும் புதிதல்ல.

கார் நிகோபாரில் டிசம்பர் மாதத்துக்குத் தனி முகம் உண்டு. 25-ம் தேதி கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். பாட்டும் விருந்தும் நிறைந்த நாள். 26-ம் தேதி ஆழிப் பேரலையில் மாண்டோரின் நினைவு நாள். மகிழ்ச்சியையும் துயரத்தையும் அடுத்தடுத்த நாள்களில் ஒரே மக்கள் ஒரே இடத்தில் கூடிப் பகிர்ந்துகொள்கிறார்கள். 2024-ம் ஆண்டு டிசம்பரில் பேரலையின் 20-ம் ஆண்டு நிறைந்தது. முகக் கவசமோ ஆறடி இடைவெளியோ யாரும் கேட்கவில்லை. இறந்தவர்களுக்காகப் பாட வேண்டியதை, இருப்பவர்கள் சேர்ந்து நின்று பாட முடிந்தது.